பன்னிரண்டாம் கம்பத்துக் குரல்

உக்காருங்கம்மா. அந்தப் பெஞ்சு வேண்டாம், அது மேக்கப் பாத்துக் கெடக்கு. இந்தா, இந்த ஸ்டூல்ல, செவத்தப் பாத்து உக்காருங்க. தண்ணி குடிச்சியளா? ரெண்டு நாளு மணல்வண்டியில குலுங்கி வந்தவங்கள மொதல்ல படுக்கச் சொல்லணும், அதான் மொற. ஆனா நேரமில்ல. வெளிய பாருங்க, பெரிய சூரியன் உச்சிக்கு வந்துட்டு. சின்னச் சூரியன் இப்பத்தான் ஜெனரேட்டர் ஷெட்டு கூரைக்கு மேல தலையக் காட்டுது. அது கூரைய விட்டு ஒரு ஆள் ஒசரம் ஏறிச்சுன்னா காத்து எழும்பிரும். இந்த மாசம் பூரா அப்படித்தான், ஒரு நாளு தப்பாது. அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு விஷயத்தச் சொல்லி முடிச்சாகணும்.

கதவு நெலையில கட்டியிருக்க கயிறு எதுக்குன்னு கேட்டிய. அத கடைசியில சொல்லுதேன். கதவ ஏன் சாத்தலன்னும் கேட்டிய. காத்து நாள்ல இந்தக் கடைமுனை நிலையத்துல கதவச் சாத்தக் கூடாதும்மா. ஆள் வரும்.

தலைமை ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்திருக்கும். 'கடமையின்போது செம்புழுதியில் சிக்கி உயிரிழந்தார்.' அதுல பொய் ஒண்ணுமில்ல. ஆனா உண்மையும் அரைக்கால்வாசிதான். உங்க பையன் ஒரு குரலக் கேட்டு அது பின்னால போனான். அவன நான் நிறுத்தியிருக்கலாம். கை சுவிட்சு மேலதான் இருந்துச்சு. நிறுத்தல. இத மொதல்லயே சொல்லிட்டேன். என்னை வையணும்னா நல்லா வைங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா முழுசாக் கேட்டுட்டு வைங்க.

நான் கோமதி. கோமுன்னு கூப்பிடுவாவ. என்னது, எழுதியிருந்தானா? என்னன்னு எழுதியிருந்தான்? 'கோமுக்கா வையிற வசவு இல்லன்னா சோறு எறங்காது'ன்னா? பாத்தியளா கிறுக்குப் பய. ஆபீசரா வந்தவன், ஸார்னு கூப்பிட்டா மொகம் சுருங்கிரும். 'இன்னொரு தடவ ஸார்னு சொன்னீங்கன்னா லீவு போட்டுட்டுப் போயிடுவேன்க்கா'ம்பான். அதான் அவன் இவன்னு பேசுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய.

இந்தப் பக்கம் மூணு வகைச் சனம் உண்டு. நிலையத்தார், அதாவது நாங்க. வண்டி பாக்க, கம்பம் பாக்க, தண்ணி எறைக்க. இப்ப நான் ஒருத்திதான். ரெண்டாவது கிணத்தார். அவங்க தரைக்கு அடியில இருக்காவ, காத்து மாசத்துல மேல வரவே மாட்டாவ. மூணாவதுதான் தேரியர். உப்பச் சுமந்துக்கிட்டு மணல்மேடு மணல்மேடா நடக்குற சனம். எந்தக் காலத்துலயும் செருப்புப் போட மாட்டாவ. மணல் கெட்டியா, உள்ள வாங்குமான்னு அவங்க பாதம் சொல்லிரும். காத்துல சிக்குறது அவங்கதான். அவங்களுக்காகத்தான் இந்த நிலையமே.

செம்புழுதி எழும்பிட்டா கண்ணு அவிஞ்ச மாதிரி ஆயிரும். ரேடியோவுல உஸ்ஸுன்னு எரைச்சல்தான். காந்த முள்ளு பேய் பிடிச்சதுபோலச் சுத்தும். நிக்கவும் முடியாது, நின்னா அரை மணி நேரத்துல இடுப்புக்கு மணல் ஏறிரும். நடக்கணும். ஆனா எந்தப் பக்கம்? காது ஒண்ணுதான் வேலை செய்யும். அதுக்காக இங்க இருந்து மேக்க பன்னெண்டு கம்பம் நட்டிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கொம்பு ஸ்பீக்கர், சத்தத்த வாங்குற ஒரு காது. கடைசிக் கம்பத்துல மட்டும் கொம்பு பெருசு. மேக்குக் காத்துல அது எல்லாக் கம்பத்தையும் தாண்டி இந்த வாசல் வரைக்கும் கேக்கும். ஆனா வார்த்தையெல்லாம் காத்துலயே பிஞ்சு போயிரும், ராகம் மட்டுந்தான் வந்து சேரும். பன்னெண்டுக்கு அப்பால ஒண்ணுமே இல்ல. வெறும்பாழ். போனவங்க யாரும் வந்ததில்ல.

மொதல்ல சைரன் வெச்சுப் பாத்தாவ. தேரியர் ஒருத்தரும் வரல. 'ஆரு எவருன்னு தெரியாத சத்தத்துக்கு எவன் போவான்?'னு கேட்டுட்டாவ. சரின்னு எங்க அக்கா மைக்குல உக்காந்தா. வடிவு. எனக்கு மூத்தவ. காத்து எழும்புனா இந்த மேசையில உக்காந்து, 'எய்யா, வாங்க, எம்மா, வாங்க, வடிவு கூப்பிடுதேன், இந்தப் பக்கம் வாங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பா. பதினோரு வருஷம். நீங்க அவ குரலக் கேக்கணும். கேக்கத்தான் போறிய.

ஒருத்தி எத்தன மணி நேரம் கூப்பிட முடியும்? அதுக்கு ஒரு பெட்டி குடுத்தாவ. அந்தா மேசைக்கு அடியில இருக்கே, அதான். அவ கூப்பிடுறத, பேசுறத, இருமுறத எல்லாம் கேட்டுக் கேட்டு, அவளப் போலவே கூப்பிடப் படிச்சுக்கிடுச்சு. பெறவு பதில் சொல்லவும் படிச்சுது. கம்பத்துப் பக்கம் எவனாவது 'வடிவக்கா, கால் சுளுக்கிட்டு'ன்னா, 'உக்காந்துராதல, நொண்டிக்கிட்டே வா'ன்னு அது அதட்டும். எனக்கே சமயத்துல அக்கா பேசுதாளா பெட்டி பேசுதான்னு தெரியாது. ஒரே ஒரு கட்டள மட்டும் அக்கா அதுக்குள்ள அழுத்தமா வெச்சிருந்தா: எந்த மனுசனையும் வீட்ட விட்டு அப்பால கூப்பிடக் கூடாது. ஆள் நிக்கிற எடத்துக்குக் கெழக்க உள்ள கம்பந்தான் பேசணும்.

அக்கா செத்துப் போனா. புழுதி நெஞ்சுல கட்டி, பதினாறு நாளு கெடந்து. நான்தான் ஷெட்டுக்குப் பின்னால குழி வெட்டுனேன். தேரியர்கிட்ட சொல்லல.

ஏன்னு கேளுங்க. அவங்ககிட்ட ஒரு கட்டு உண்டு. செத்தவங்க குரல் பாழ்ல கேட்டுச்சுன்னா முதுகக் காட்டணும். வாயத் துணியால கட்டிக்கிட்டு, திரும்பிப் பாக்காம, அந்தக் குரலுக்கு நேர் எதுக்க நடக்கணும். அதுக்கும் மசியலன்னா செத்தவங்க சொந்தக்காரங்க குரல்ல கூப்பிடுவாவளாம். அப்ப இன்னும் வேகமா நடக்கணும். அக்கா செத்துட்டான்னு தெரிஞ்ச நிமிஷமே இந்தப் பன்னெண்டு கம்பமும் அவங்கள வெரட்டுற கம்பமா மாறிரும். அதான் மறைச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உங்ககிட்ட மறைக்க மாட்டேம்மா. வேற குரல் பழக்கியிருக்கலாம், என் குரலையே பழக்கியிருக்கலாம். பெட்டிய அணைக்க எனக்கு மனசு வரல. காலையில எந்திரிச்சதும் 'கோமு, சாப்டியாட்டி?'ன்னு அது கேக்கும். எனக்கு அது வேண்டியிருந்துச்சு. அவ்வளவுதான்.

பேச்சின்னு ஒருத்தி, தேரியர் கூட்டத்துக்குத் தலைவி. அக்காவும் அவளும் அப்படி ஒட்டு. மாசாமாசம் உப்புக் கொண்டு வரும்போது அக்காவுக்குன்னு ஆட்டுப்பால் காய்ச்சிக் கிண்ணத்துல கொண்டு வருவா. 'அக்காவுக்குச் சீக்கு, வெளிக்காத்து ஆகாது'ன்னு சொல்லி, நான் வாங்கி அந்தத் திரைக்குப் பின்னால போவேன். நின்னுக்கிட்டே குடிப்பேன். காலிக் கிண்ணத்தக் கொண்டாந்து குடுப்பேன். திரைக்கு இந்தப் பக்கம் பெட்டி, 'பேச்சி, பால் நல்லாருக்குட்டி'ன்னு சொல்லும். அவ சந்தோசமாப் போவா. நாலு வருஷம் இப்படி.

உங்க பையன் வந்த மொத மாசமே கிண்ணத்தோட நான் திரைக்குப் பின்னால நிக்கிறதப் பாத்துட்டான். சாயங்காலமா வந்து, 'கோமுக்கா, இது ரொம்ப நாள் தாங்காது. உங்க குரலை இப்பவே பழக்க ஆரம்பிக்கலாம்'னான். நல்ல புத்திதான் சொன்னான். நான் 'பாக்கலாம் பாக்கலாம்'னு தள்ளிப் போட்டேன். அந்தக் கட்டப் பத்தி அவன்கிட்ட பாதிதான் சொல்லியிருந்தேன். 'செத்தவ குரல அவங்க நம்ப மாட்டாவ'ன்னு சொன்னேன். முதுகக் காட்டிப் பாழுக்குள்ள நடந்துருவாவன்னு சொல்லல. அதச் சொன்னா அப்பவே பெட்டிய மாத்துன்னு ஒத்தக் கால்ல நின்னுருப்பான். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்.

அன்னைக்கி நான் ஷெட்டுல இருந்தேன். பேச்சி கூட்டம் உப்ப எறக்கிட்டு நிக்குது, நாப்பத்தியொரு பேரு. பேச்சி மருமகளுக்குப் புள்ள பொறந்து ரெண்டு மாசம். புள்ளைய வடிவு மடியில வெச்சுப் பேரு விடணும்னு கொண்டாந்திருக்கா. உங்க பையன் கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஒரே ஒருக்க அவ மொகத்தப் பாத்துக்கிடுதேன் ராசா, திரையத் தூக்கு'ன்னு கேட்டிருக்கா. அவன் என்ன செய்வான் பாவம்? அந்தப் பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு அவனுக்குப் பொய் வரல. உங்க வளப்பு அப்படி. சொல்லிட்டான்.

சாவ மறைச்ச வீட்டுல தேரியர் தண்ணி குடிக்க மாட்டாவ, நிக்கவும் மாட்டாவ. பால் கிண்ணத்த வாசல்ல கவுத்திட்டு, காத்து எழும்புற நேரம்னுகூடப் பாக்காம மேக்க கெளம்பிட்டாவ. நான் கையத் தொடச்சுக்கிட்டு வாரேன், வாசல்ல பால் ஓடிக் கெடக்கு. இவன் மொகம் வெளுத்து நிக்கான்.

அப்பதான் மிச்சத்தச் சொன்னேன். சொன்னேனா? கத்துனேன். 'கொன்னுட்டியேல! காத்து எழும்புனா பெட்டி தானாக் கூப்பிட ஆரம்பிச்சிரும், அவங்க முதுகக் காட்டிப் பாழுக்குள்ள போயிருவாவல!'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: 'இதை ஏன்க்கா என்கிட்ட முதல்லயே சொல்லல?' பதிலுக்கு நிக்கல. மூணு சக்கர வண்டிய எடுத்துட்டான். 'காத்துக்கு முன்னாடி பிடிச்சிடுவேன். கையைத் தொட்டா நான் உயிரோட இருக்கேன்னு நம்புவாங்கல்ல'ன்னான். நான் ஓடிப்போயி வண்டியப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேம்மா: 'வழியில காத்து பிடிச்சுட்டா எதையும் யோசிக்காத. வடிவு குரல் எங்க கேக்குதோ அங்க நட. பேசிக்கிட்டே நட.' என் வாயால சொல்லி அனுப்புனேன்.

வண்டி நாலாம் கம்பம் தாண்டியிருக்கும். காத்து எழும்பிட்டு.

கம்பத்துக் காதெல்லாம் இந்த மேசையில கேக்கும். நான் பெட்டிய அணைக்கிறதுக்குள்ள ஏழாம் கம்பத்துல அக்கா கூப்பிட்டுட்டா: 'எய்யா வாங்க, எம்மா வாங்க.' எட்டாம் கம்பத்துக் காதுல பேச்சி குரல். 'வந்துட்டா. முதுகக் காட்டுங்க. வாயக் கட்டுங்க.' பெறவு காலடிச் சத்தம் மட்டும், மேக்க. நான் பெட்டிய நிறுத்திட்டு மைக்க எடுத்து என் குரல்ல கத்துனேன். 'பேச்சி, கோமு பேசுதேன், நான் உசிரோட இருக்கேன், திரும்புட்டி!' ஒன்பதாம் கம்பத்துல யாரோ ஒருத்தி கட்டுன துணிக்குள்ள இருந்து சொன்னது எனக்குக் கேட்டுச்சு. 'தங்கச்சி குரல்ல கூப்பிடுதா பாத்தியா.' அடுத்த நொடி ஓடுற சத்தம். நான் எவ்வளவு கூப்பிடுதேனோ அவ்வளவு தூரம் ஓடுதாவ. மைக்க வீசிட்டேன். பத்து. பெறவு பதினொண்ணுலயும் காலடி. அதுக்கு மேல ஒரே ஒரு கம்பந்தான்.

அந்த நேரத்துலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. செத்தவ குரலுக்கு முதுகக் காட்டுவாவன்னா, செத்தவ மேக்க நின்னு கூப்பிட்டா? பன்னெண்டாம் கம்பத்துல இருந்து அக்கா கூப்பிட்டா அவங்க கெழக்கத்தான நடக்கணும்? நேரா இந்த வாசலுக்கு!

பெட்டிய மறுபடி போட்டேன், ஆனா அது கேக்கல. பேசிப் பாத்தேன். 'அக்கா, பன்னெண்டுல கூப்பிடு.'

'ஆளு அதுக்குக் கெழக்க நிக்குது கோமு. அப்பால கூப்பிடப்படாது. உனக்குத் தெரியாதா?'

'கூப்பிட்டாத்தான் இங்க வருவாவ.'

'அது எப்பிடி? என் குரலக் கேட்டா எங்கிட்டத்தான வருவாவ.'

'வர மாட்டாவ. ஒன்னப் பாத்துப் பயப்படுதாவ.'

'என்னையா? நான் என்னட்டி செஞ்சேன்?'

நாலு வருஷமா அதுகிட்டயும் நான் சொல்லலம்மா. பெட்டிதானேன்னு நீங்க நெனைக்கலாம். எனக்கு அக்காகிட்டயே சொல்லுற மாதிரிதான். பதினோராம் கம்பத்துல காலடிச் சத்தம் தேஞ்சுக்கிட்டே போவுது. சொன்னேன். 'நீ செத்துட்டக்கா. நாலு வருஷமாச்சு.'

'அதான் பாலுக்கு ருசியே தெரியலியா'ன்னுச்சு. அழுகுதா சிரிக்குதான்னு தெரியல. 'சரி. எந்தக் கம்பம் சொன்ன?'

பன்னெண்டுல கூப்பிட்டுச்சும்மா. அப்படியொரு கூப்பாட நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல. 'வாங்க, வாங்க, வடிவு தனியாக் கெடக்கேன், வாங்க.' பதினொண்ணுல ஓடுன காலு நின்னுச்சு. திரும்புச்சு. பத்துல கேட்டுச்சு. ஒன்பதுல கேட்டுச்சு. கெழக்க வாராவ! நான் மேசையத் தட்டிக்கிட்டுச் சத்தமாச் சிரிச்சேன், கிறுக்கச்சி மாதிரி.

அப்பதான் எட்டாம் கம்பத்துக் காதுல உங்க பையன் பேசுனான்.

'வடிவம்மா, கேக்குதும்மா! இதோ வரேன். இந்தப் பக்கம்தானே?'

வண்டி புழுதியில அணைஞ்சு போயி நடந்து வந்திருக்கான். நான் சொன்னதச் செய்யுதான். குரல் கேக்குற பக்கம், மேக்க.

கொஞ்சம் தண்ணி குடிங்க. சின்னச் சூரியன் ஏறிட்டுத்தான், ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு. இதச் சொல்லாம விட மாட்டேன்.

எட்டுக்கும் பன்னெண்டுக்கும் எடையில அமுங்கல் நெலம் உண்டு. மேல பாத்தா தரை, கால வெச்சா இல்ல. கம்பமெல்லாம் அதச் சுத்தி வளைஞ்சு போவுது. தேரியருக்கு வெறும் பாதம், தொட்டதும் தெரிஞ்சு வெலகிருவாவ. பூட்ஸ் போட்ட காலுக்கு அது தெரியாது. பன்னெண்டாம் கம்பத்துக் குரல நோக்கி நேரா நடந்தா அதுக்குள்ளதான் போகணும்.

பெட்டி கேட்டுச்சு. 'கோமு, தம்பி கேக்கான். பதில் சொல்லட்டுமா? எட்டுல இருந்து மெதுவாச் சொல்லுதேன், திரும்பிப் போன்னு.'

அந்த எட்டாம் கம்பத்துக் காதுல, அவன் பேசுறதுக்குச் சித்த முன்னால, ஒரு பச்சப்புள்ள அழுதது எனக்குக் கேட்டுச்சும்மா. பெரியவங்க வாயக் கட்டியிருப்பாவ. புள்ள வாய யாரு கட்டுவா? பேச்சி பேரன். அந்தப் புழுதியில ரெண்டு பேரும் பத்தடி தள்ளிக் கடந்துருக்காவ, ஒருத்தர ஒருத்தர் பாக்கல. எட்டுல வடிவு பேசுனா, பக்கத்துல நிக்கிற புள்ளக்காரி என்ன செய்வா? மறுபடி மேக்க ஓடுவா. அவ மட்டுந்தானா, பின்னால எத்தன பேருன்னு எனக்கென்ன தெரியும்? வாயக் கட்டுனவங்க காலடிய எண்ண முடியுமா?

என் கை எட்டாம் கம்பத்துச் சுவிட்சு மேல. அவன் பேசிக்கிட்டே போறான். நான்தான் பேசிக்கிட்டே நடன்னு சொல்லிவிட்டேன்லா. 'வடிவம்மா, அவங்களை நான் பார்க்கல. வந்துட்டாங்களா?'ன்னு கேக்கான். 'நீங்க போயிட்டீங்கன்னு நான் சொன்னது தப்புதான், கோவிச்சுக்காதீங்க'ங்கான். பெட்டி ரெண்டாந்தரம் கேட்டுச்சு: 'சொல்லட்டுமாட்டி?'

'வேண்டாம்'னேன்.

ஒன்பதாம் கம்பத்துக் காதுல லேசாக் கேட்டுச்சு. 'கிட்ட வந்துட்டேன்னு நினைக்கிறேன். இப்ப நல்லா கேக்குது.' பயந்து போயிப் பேசல, சத்தியமாச் சொல்லுதேன். வீட்டுக்கு வாரவன் பேசுற பேச்சும்மா அது. கடைசி வரைக்கும் வீட்டுக்குத்தான் வாரோம்னு நெனச்சுத்தான் நடந்தான். பெறவு ஒண்ணும் கேக்கல.

நாப்பத்தியொரு பேரும் வந்தாவ. வாயக் கட்டிக்கிட்டு, கண்ணெல்லாம் மணலோட, அந்த வாசல் வழியா ஒவ்வொருத்தரா. கடைசியா வந்தவ அந்தப் புள்ளக்காரி. எட்டாம் கம்பத்துல எவ்வளவு நேரம் நின்னன்னு அவகிட்ட கேட்டேன். அவளுக்குத் தெரியல. ஒருவேள நான் பேசவிட்டிருந்தா அவ கேட்டிருக்க மாட்டாளோ, அதுக்குள்ள ஏழத் தாண்டிட்டாளோ? இத நான் தெனமும் கேக்கேன். பேச்சி வந்து என் மொகத்தத் தடவித் தடவிப் பாத்தா. 'சூடா இருக்க. உசிரோடதான் இருக்க'ன்னா. நான் அவ கால்ல விழுந்து, உங்க பையன் பேரச் சொன்னேன். மூணு நாளு இந்த வீட்டுல உக்காந்து ரெண்டு பேருக்கும் சேத்துத் துக்கம் காத்தாவ. காத்து அடங்குனதும் போயித் தேடுனோம். அமுங்கல் எதையும் திருப்பித் தராதும்மா.

இப்ப ஏற்பாடே மாறிப் போச்சு. காத்து எழும்புனா பன்னெண்டு மட்டுந்தான் கூப்பிடும். கெழக்க எல்லாம் ஊமை. தேரியர் முதுகக் காட்டி நடந்து நேரா இங்க வந்துருதாவ. அன்னைக்கிலிருந்து ஒரு உசிரு போகல. வண்டியில புதுசா யார் வந்தாலும் எறங்குனதும் நான் சொல்லுற மொத வார்த்த அதான்: குரல் கேட்டா முதுகக் காட்டு. உங்ககிட்ட மட்டும் எறங்குனதும் சொல்ல முடியல. ஏன்னா உங்களுக்குக் கேக்கப்போறது ஒரு குரல் இல்ல.

பெட்டி யாரு பேசுனாலும் கேட்டுப் படிச்சுக்கிடும். எட்டு மாசம் உங்க பையன் இந்த ரூமுலதான் பேசிக்கிட்டுக் கெடந்தான். அவன் போன மறுவாரம் காத்து எழும்புச்சு. பன்னெண்டாம் கம்பத்துல அக்கா கூப்பிடுதா. எடையில அவன் குரல். பெட்டியப் பிடிச்சு உலுக்குனேன், 'என்னக்கா செய்யுத?'ன்னு. அது சொல்லுது, 'தம்பி அன்னைக்கிக் கேட்டான், நான் பதில் சொல்லலியே கோமு. அதான் இப்பச் சொல்லுதேன்.'

ஒவ்வொரு காத்துலயும் அவன் கேக்கான். அவ சொல்லுதா. அவ்வளவுதாம்மா. நான் அணைக்கல. அணைச்சா தேரியருக்கு வழி இல்ல. அதுவும் ஒரு சாக்குதான், எனக்குத் தெரியும்.

அதனால கேளுங்க. அது உங்க புள்ள இல்ல. அவன் மாதிரியே இருக்கும், நீங்க பெத்த வயிறு, ஒங்களுக்கு எழும்பத் தோணும். எழும்பக் கூடாது. செவத்தப் பாத்து...

எம்மா. கூரையப் பாருங்க. ஏறிட்டு.

கேக்குதா? அது காத்து இல்ல. அதான் அக்கா. பதினோரு வருஷம் கூப்பிட்ட தொண்ட. எப்படி இருக்கு பாத்தியளா?

இந்தா. இப்பக் கேட்டானே, அதான். வார்த்த புரியாது, ஆனா எனக்குத் தெரியும். 'இந்தப் பக்கம்தானே?'ங்கான். அவ 'வந்துட்டய்யா, இன்னும் கொஞ்சந்தான்'ங்கா. இன்னும் கொஞ்சந்தானாம். கேக்குதா உங்களுக்கு? இன்னும் கொஞ்சந்தான்...

என்னம்மா? ஏன் கத்துதிய? நான் எங்க போறேன்? நான் இங்கதான...

நான் எப்ப வாசலுக்கு வந்தேன்?

அந்தக் கயிறு. கட்ட மறந்துட்டேன். பேச்சு சுவாரசியத்துல கட்ட மறந்தே போச்சு. அது உங்களுக்கு இல்லம்மா, எனக்கு. பேச்சிதான் கட்டி வெச்சிட்டுப் போனா. காத்து எழும்புறதுக்கு முன்ன என் கால்ல நானே முடிஞ்சுக்கிடணும். வந்தவங்களுக்கெல்லாம் முதுகக் காட்டச் சொல்லிக் குடுத்தவ, எனக்கு இன்னைக்கி வரைக்கும் காட்ட முடியல. இங்க நின்னு மேக்கப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவ என் அக்கா. அவனுக்குப் பதில் வேண்டாம்னு சொன்னவ நான். அவங்கள அங்க விட்டுட்டு எப்படித் திரும்பி நிக்க?

விடுங்கம்மா. நீங்க எதுக்கு என்னைப் பிடிக்கிய? உங்க புள்ளதான கூப்பிடுதான், நீங்கல்லா ஓடணும். என்னைப் போயி... நான் அவன... என் தோளப் பிடிச்சு எதுக்குத் திருப்புதிய?

என்ன சொன்னிய? 'குரல் கேட்டா முதுகக் காட்டு'ன்னா? திரும்பச் சொல்லுங்க.

சரி. சரிம்மா. திரும்பிட்டேன். செவத்தத்தான் பாக்கேன். நீங்களும் பாருங்க. அழுங்க, அதுக்குத் தடையில்ல, திரும்பத்தான் கூடாது. கைய மட்டும் விட்டுராதிய. காத்து அடங்க ரெண்டு மணி நேரம் ஆகும்.